பிறேக்கில் இன்னொரு கால்

மயிலிட்டியில் வீட்டு வாசலைத் தாண்டும்போதே பெடல் பதில் சொன்னது. சூசைதாசன் வழக்கப்படி பிறேக்கை இரண்டு தரம் மிதித்துவிட்டு மூன்றாம் தரம் அழுத்திப் பிடித்தார். காலை எடுக்கப்போன நேரம், பாதத்துக்கு அடியில் அதே பெடல் இரண்டு தரம் மெல்லத் தட்டியது.

முப்பது வருடம் கராச்சில் பிறேக் வேலை செய்த கால் அது. பழைய வான்களின் பிறேக் குழாயில் காற்று ஏறினால் இரண்டு மிதி மிதித்து எண்ணெயைத் தள்ளிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பழக்கம் தூக்கத்திலும் அவரை விட்டதில்லை. கட்டில் சட்டத்தை மிதித்து மனைவியிடம் ஏச்சு வாங்கிய மனிதர்.

ஆனால் இந்தக் காரில் தள்ளுவதற்கு எண்ணெயே இல்லை. மருமகன் றெஜி போன மாதம் வாங்கிய மின்சாரக் கார். "மாமா, பெடலுக்கும் சில்லுக்கும் இடையிலை வயர் மட்டும்தான். நீங்கள் மிதிக்கிறதைக் கொம்பியூட்டர் பாத்துப் பிடிக்கும். காலுக்குத் தெரியிற இறுக்கம் கூட ஒரு ஸ்பிரிங்கின்ரை வேலை" என்று சொல்லிச் சிரித்திருந்தான்.

றெஜி இப்போது மீன்பிடிக்கப் போய்க் கடலில் நின்றான். பின் சீற்றில் அவன் மனைவி, சூசைதாசனின் ஒரே மகள் பிரியந்தினி, வயிற்றைப் பிடித்தபடி சரிந்து கிடந்தாள். பிள்ளை பிறக்க இன்னும் மூன்று கிழமை இருந்தது. அம்புலன்சுக்குக் காத்திருக்க அவருக்கு மனம் கேட்கவில்லை.

"கெதியாய்ப் போங்கோ அப்பா."

"ஓம் பிள்ளை, ஓம். உதிலைதான் யாழ்ப்பாணம் ஆசுபத்திரி."

கார்த்திகை மழை. பின்னேரம் நாலு மணிக்கே வானம் இருண்டு, தெருவின் இரண்டு பக்கமும் போரில் இடம்பெயர்ந்த ஆட்கள் இன்னும் திரும்பி வராத வீடுகள் கூரையில்லாமல் நனைந்துகொண்டிருந்தன. சுவரைப் பிளந்து வளர்ந்த ஆலமர வேர்களில் தண்ணீர் வழிந்தது. என்ஜின் சத்தம் இல்லாத கார் என்பதால் மழையும் வைப்பரும் மகளின் முனகலும் ஒன்றும் தப்பாமல் காதில் விழுந்தன. அவற்றுக்கு அடியில், காலடியில், ஏதோ ஒன்று இழுத்து இழுத்து மூச்சு விடுவதும் கேட்டது. மோட்டராக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அப்போதுதான் மூக்கில் அந்த மணம் ஏறியது. சூடேறிய பிறேக் எண்ணெய். இந்தக் காரில் ஒரு துளியும் இல்லாத எண்ணெய்.

கார் மெதுவானது.

அவர் கால் பிறேக்கில் இல்லை. குனிந்து பார்த்தார். பெடல் தானாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. கால் பெருவிரலைப் பெடலுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். கொஞ்சம் மேலே வந்தது. பிறகு விரலோடு சேர்த்து மிதிபட்டது. வலியில் காலை உருவினார். ஸ்பிரிங் களைக்காது. இது களைத்து, ஒரு கணம் தளர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப மிதித்தது. ஒரு ஆளின் பாரம். அவர் கால் அதை நன்றாக அறியும்.

கார் நின்றது.

"ஏன் அப்பா நிண்டிட்டியள்?"

"ஒண்டுமில்லை பிள்ளை."

கதவு திறக்கவில்லை. கண்ணாடி இறங்கவில்லை. போனில் சிக்னல் ஒரு கோடும் இல்லை. முழங்கையால் கண்ணாடியை இடித்தார், முழங்கைதான் விறைத்தது. மூடிய காருக்குள் எண்ணெய் மணம் தடித்துக்கொண்டே போனது. மூச்சு முட்டியது.

"அப்பா... தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுது."

அவர் செபிக்கத் தொடங்கினார். பாதியில் சொற்கள் மறந்துபோயின. மகளையும் பேரப்பிள்ளையையும் இந்தப் பெட்டிக்குள் வைத்துச் சாகக் கொடுக்கப் போகிறேனோ என்று நடுங்கினார்.

டொக்.

அவர் பக்கத்துக் கதவு மட்டும் திறந்தது.

வெளியே பாய்ந்தார். நேரே பின்கதவுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. முப்பது வருடப் பழக்கம். இறங்கியதும் கண் முன்சில்லுக்குப் போனது. என்ன பிடித்திருக்கிறது என்று பார்க்கக் குனிந்தார். ஒரேயொரு கணம்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

பின்கதவை இழுத்தார். பூட்டு. உள்ளே பிரியந்தினி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அடித்தாள். வாய் அப்பா என்றது. சத்தம் வெளியே வரவில்லை.

பிறேக் லைற் அணைந்தது.

கார் நகர்ந்தது. அவர் கைபிடியைப் பிடித்தபடியே கூட ஓடினார். செருப்புக் கழன்றது. "விடு! என்ரை பிள்ளையை விடு!" யாரிடம் கத்துகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. ஓடி ஓடி முன்கதவுக் கண்ணாடிக்கு நேரே வந்து உள்ளே பார்த்தார்.

டிரைவர் சீற்றில் ஒருவரும் இல்லை.

பக்கத்தில் தொங்கிய சீற் பெல்ற் மெல்ல இழுபட்டது. காலியான சீற்றுக்குக் குறுக்கே வந்தது. கொளுவியது. தளரவில்லை. வெறும் காற்றின் மேல் இறுகிக் கிடந்து, ஒரு நெஞ்சின் அளவுக்கு ஏறி, இறங்கி, ஏறிக்கொண்டிருந்தது.