கடிபட்ட இலையின் வாடை

கண்ணாடிக் குழாய்க்குள் விட்ட வேட்டைப்பேன், குழாய் இரண்டாகக் கிளை பிரியும் இடத்தில் நின்று முன்கால்களைத் தூக்கிக் காற்றைத் தடவிவிட்டு, இரண்டு பக்கமும் போகாமல், வந்த வழியே அவளை நோக்கித் திரும்பியது.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கிளையின் நுனியில், சாறு உறிஞ்சும் சிலந்திப்பேன் கடித்த அவரை இலை, மறுநுனியில் நல்ல இலை என்பதுதான் ஏற்பாடு. கண்ணில்லாத வேட்டைப்பேன், கடிபட்ட இலை விடும் வாடையை மோந்துதான் சிலந்திப்பேனைத் தேடிப் பிடிக்கும். அந்த இலையைச் சற்றுமுன் அவளே எடுத்து எறிந்திருந்தாள். ஆய்வுக்கூடத்துக்கு வரும் விருந்தினர்களுக்குத் தங்கை இதைக் காட்டும்போது அதுகள் திக்குத் தெரியாமல் அலைய வேண்டும். தங்கையின் மானம் போக வேண்டும். நேற்று வந்தவள் இன்று பிரிவுத் தலைவியாம்! வேலை கற்றுக்கொடுத்த அக்கா அவளுக்குக் கண்ணாடி கழுவ வேண்டுமாம். வீட்டிலும் எந்நேரமும் அவள் புராணம்தான். நினைத்து நினைத்துப் பொருமினாள்.

அடுத்ததை விட்டாள். அதுவும் திரும்பியது. காற்றுப்பம்பு முனகிக்கொண்டிருந்தது. ஈர மண்ணும் ஸ்பிரிட்டும் மணக்கும் அந்த அறையில், புதிதாக ஒரு பச்சை வாடை மூக்கில் உறைத்தது. எழுந்து தேடினாள். குப்பைக்கூடையில் இல்லை. செடித்தொட்டிகளில் இல்லை. போகுமிடமெல்லாம் கூடவே வந்தது.

கதவு திறந்தது. தங்கை, பின்னால் விருந்தினர்கள். தங்கை மூக்கை உறிஞ்சினாள்.

"கடிச்ச இலை வாடை அடிக்குதே. எங்கேருந்துக்கா?"

தனக்கென்ன தெரியும் என்றாள். தங்கை நெருங்கி வந்து, அவள் கழுத்தருகே குனிந்து மோந்தாள்.

"உன்மேலதான்."

கை அரித்தது. சட்டைக் கையைச் சுருட்டினாள். தோலெங்கும் ஊசிமுனை வெள்ளைப் புள்ளிகள், கடிபட்ட இலையில் இருப்பவைபோல. மேலே மெல்லிய நூலாம்படை. அடியில், தோலுக்குள், என்னவோ மேய்ந்தது.

குழாயின் வாயிலிருந்து வேட்டைப்பேன்கள் செம்புள்ளிகளாக மேசையில் இறங்கின. வளர்ப்புப் பெட்டிகளிலிருந்தும். நேராக. வரிசையாக.

கையை இழுத்தாள். தங்கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமாக. முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"அசையாதக்கா. எல்லாரும் பாக்கறாங்க."

முதல் பேன் நூலாம்படையை விலக்கி, ஒரு வெள்ளைப் புள்ளிக்குள் தலையை நுழைத்தது. விருந்தினர்கள் தங்கையைப் பார்த்துக் கைதட்டினார்கள். அந்த நிலையிலும் அவளுக்குப் பொறாமை பொங்கியது.

வாடை கூடியது. வரிசை வேகமெடுத்தது.