முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

2119-இல் எந்தப் பொருளும் தன் வரலாற்றைச் சொல்லாமல் இயங்காது, சட்டம் அப்படி. காலையில் குக்கர் தன் கதையைச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அரிசி வேகும்.

சென்னையை அடுத்த ஓரகடத்தில், ஆல்டன்ரீட் என்ற ஜெர்மன் கார் நிறுவனத்தின் வரலாற்றை எழுதும் வேலை நப்பின்னையுடையது. எழுதியவர் சம்மதம் இல்லாமல் அதில் ஓர் எழுத்தைக்கூட யாரும் மாற்ற முடியாது. 1911-இல் கொல்லன் பட்டறையில் பிறந்தது, முதல் பந்தயத்தில் வென்றது என்று வழக்கம்போல எழுதியவள், மேலிடத்தைக் கேட்காமல் ஒரு பத்தியையும் சேர்த்துவிட்டாள். பழைய கடிதக்கட்டு ஒன்றில் அவள் கண்டது அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கைதிகளை அடிமைகளாக்கி எஞ்சின் செய்ய வைத்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பட்டினியால் செத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து இயக்குநர் பொன்னையா கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை.

"யாரைக் கேட்டு இதை எழுதின?"

"யாரைக் கேக்கணும் சார்? நடந்ததுதானே."

"கம்பெனி சோத்தைத் தின்னுட்டு கம்பெனி தலையிலயே மண்ணை வாரிப் போடுறியா?"

"அவங்க அந்தச் சோறு கிடைக்காமத்தான் செத்தாங்க சார்."

அவர் முகம் கறுத்தது. பிறகு சிரித்தார், திட்டியதைவிட அது மோசமாக இருந்தது. திரையை அவள் பக்கம் திருப்பினார். நான்கு லட்சம் கார்கள். அந்தப் பத்திவரை கேட்டவர் ஒருவருமில்லை. எல்லோரும் மூன்றாவது நொடியிலேயே 'தவிர்' பொத்தானைத் தட்டியிருந்தார்கள்.

"எங்க ஆய்வு ரோபோ மட்டுந்தான் முழுசாக் கேட்டுச்சு. கார் வாங்கினவங்ககிட்டருந்து ஒரே ஒரு புகார் வந்திருக்கு. காரோட குரல் இனிமையா இல்லையாம். போ, உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. இந்த வருஷத்துப் பணி ஒப்பந்தம் வரும், சம்மதம் குடுத்துடு."

நப்பின்னை கண் எரிய இருக்கைக்குத் திரும்பினாள். ரெண்டு நிமிஷம் காது கொடுக்க முடியாத இந்த ஜனங்களுக்காகவா இத்தனை பாடு? மணிக்கட்டுத் திரையில் ஒப்பந்தம் வந்து விழுந்தது, அறுபது பக்கம். ஆத்திரத்தோடு கடைசிவரை தள்ளி, 'படித்தேன், சம்மதிக்கிறேன்' என்பதைத் தட்டினாள்.

மறுநாள் காலை அவளுடைய கார் பேசியது: "போர்க்காலத்திலும் எமது தொழிலாளர்கள் மனமுவந்து உழைத்தனர்."

பொன்னையாவை அழைத்தாள். "என் எழுத்தை யார் சார் மாத்துனது?"

"நீதாம்மா சம்மதிச்சிருக்க. நாப்பத்தொண்ணாம் பக்கம்," என்றார் அவர். "ஏன், படிக்கலையா?"