அவிரொளியன் பெயருக்கு அர்ச்சனை

இலஞ்சியின் தென்னந்தோப்புகள்மீது சாரல் வெண்ணீற்றுப் படலம்போல் இறங்கிக்கொண்டிருந்த காலைப்பொழுதில், கௌரிசங்கர் தன் முன்னோர் எழுப்பிய சிறிய சிவன் கோயிலுக்கு வந்து சேர்ந்தான். ஏழு மாதக் கருவைச் சுமந்த அவன் மனைவி யோகலட்சுமி, குடைக்குள் அவன் தோளைப் பற்றி நடந்தாள். உள்ளே வில்வமும் நனைந்த கல்லும் மணத்தன.

அக்கோயிலுக்கு இணையப் பக்கம் அமைத்துத் தந்தவன் அவனே. அடியார் எங்கிருந்தாலும் பெயர், நட்சத்திரம், வேண்டுதல் மூன்றையும் நிரப்பி ‘அனுப்பு’ என்னும் பொத்தானைத் தொட்டால் போதும். அவை தொலைதூரச் சர்வரை அடைந்து, அங்கிருந்து பட்டர் பால்வண்ணநாதனின் கைப்பேசிக்கு வரும். மறுநாள் காலை அப்பெயர் இறைவன் செவியில் விழும்.

“வாங்க தம்பி! வா தாயி!” என்று பட்டர் சிரித்தார். “அந்த அவிரொளியன் யாரு தம்பி, உங்க சேக்காளியா? வருசம் ஆகப்போகுது, நித்தம் அவருக்கு அர்ச்சனை. ஒரு நாளாவது இங்கன வந்து எட்டிப் பாக்கணும்லா? பெரிய மனுசன்!”

கௌரிசங்கரின் புன்னகை உறைந்தது.

பக்கத்தை அமைத்த நாளில் அதைச் சோதிக்க ஒரு பெயர் தேவைப்பட்டது. வாழும் ஒருவர் பெயரால் விளையாடுவது பிழை என அஞ்சி, எவருக்கும் இல்லாத பெயரொன்றைப் புனைந்தான். திருவாதிரை என்று நட்சத்திரம் கொடுத்தான். ‘நாள்தோறும்’ என்ற கட்டத்தையும் தொட்டு அனுப்பிப் பார்த்தான். போய்ச் சேர்ந்தது. அழிக்க மறந்தான்.

“அப்படி ஆளே கிடையாது சாமி. சும்மா சோதனைக்குப் போட்ட பேரு.”

பட்டர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். யோகலட்சுமி சன்னிதியைச் சுற்றப் போனதும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“உயிரோட இருக்கவங்களுக்குத்தான தம்பி அர்ச்சனை? தீர்க்காயுசு கொடுன்னுல்லா நித்தம் கேட்டிருக்கேன்.”

“அதனால என்ன சாமி?”

“அந்தப் பேரைச் சொல்லித் தீபம் காட்டுவேன். எதுக்க ஒருத்தரும் நிக்க மாட்டாங்க. ஆனா கையை வச்சு ஒத்திக்கிட்டா சுடர் சாயும்லா? அப்படிச் சாயுது. சின்னக் கை தம்பி.” அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. “பிறந்த பிள்ளையோட உச்சந்தலை வாசம் வருது.”

கௌரிசங்கர் அங்கேயே கைப்பேசியைத் திறந்தான். சர்வருக்குள் நுழைந்து அப்பெயரைத் தேடி அழித்தான்.

கருவறைச் சுடர் ஒருமுறை துடித்து, அசைவற்று நின்றது.

“என்னங்க...” சுற்றி வந்த யோகலட்சுமி வயிற்றைப் பற்றியபடி தூணில் சாய்ந்தாள். “பிள்ளை அசையலை. உள்ள வரும்போதுகூட உதைச்சுதே.”

தென்காசி மருத்துவமனையின் நடையில் பச்சைத் திரைக்கு இப்பால் அவன் நின்றான். திரைக்கு அப்பால் செவிலி மாடத்தி வயிற்றின்மேல் வைத்திருந்த கருவியிலிருந்து குழந்தையின் இதயவொலி வந்துகொண்டிருந்தது.

மெலிந்து வந்தது.

“துடிப்பு இறங்குது. டாக்டரை வரச் சொல்லுங்க, சீக்கிரம்!”

அவன் அழித்தது எதனை?

விரல்கள் வழுக்கின. கைப்பேசியில் கோயில் பக்கத்தைத் திறந்து அவிரொளியன் என்று எழுதினான். திருவாதிரை. அனுப்பு.

பக்கம் ஏற்க மறுத்தது. ‘வேண்டுதலை எழுதுக’ என்று சிவப்பில் ஒரு வரி.

வேண்டுதலின்றி வருவது எதையும் ஏற்காதே என்று, அந்தச் சோதனைக்குப் பின் சர்வருக்கு விதித்தவன் அவனே.

உடலற்ற ஒன்றுக்காக எதனை வேண்டுவது? பச்சைத் திரைக்கு அப்பால் ஒலி நின்று, தயங்கி, மீண்டும் ஒருமுறை கேட்டது. அவன் எழுதினான்:

உடம்பு பெறட்டும்.

அனுப்பு.

கைப்பேசியில் சிறு வட்டம் சுழன்றது. மலையை மூடிய மழை அலைவரிசையையும் மூடியிருந்தது. சர்வரைச் சேரும்வரை அவன் சொல் வெறும் கண்ணாடிமேல் கிடக்கும் எழுத்து.

வட்டம் சுழன்றது.

உள்ளே ஒலி இல்லை.

வட்டம் சுழன்றது.

‘தங்கள் வேண்டுதல் வந்து சேர்ந்தது.’

“என்னங்க! உதைக்குது!” யோகலட்சுமியின் அழுகையும் சிரிப்பும் ஒன்றாய்க் கேட்டன. குதிரைக் குளம்படிபோல் இதயவொலி அறையை நிறைத்தது. அவன் திரையை விலக்கி ஓடி அவள் காலடியில் அமர்ந்து விம்மினான்.

மாடத்தி கருவியை வயிற்றின் மறுபுறம் நகர்த்தினாள். அவள் புருவம் சுருங்கியது.

“அண்ணாச்சி, முந்தின ஸ்கேன்ல ஒரு பிள்ளைன்னுதான சொன்னாங்க?”

“ஆமா.”

அவள் ஒலியைக் கூட்டினாள்.

முதல் துடிப்பு இடப்புறம் விரைந்து ஓடிக்கொண்டிருந்தது. வலப்புறம் இன்னொன்று, மிக மெல்ல, நடை பழகும் பாதம்போல், துடித்துப் பார்த்தது.