டிஸ்கில் குடியிருந்தவன்!

முப்பத்தெட்டாயிரத்து நானூற்று ஐம்பது!

பேனர் கடை முதலாளி, பென்சிலுக்குக் கொடுக்க வேண்டிய சம்பள பாக்கி அது.

வாங்க வேண்டிய பென்சில் செத்து ஒன்பது நாள் ஆகிறது.

ஒல்லி உடம்பு. காதில் எப்போதும் ஒரு பென்சில். அதனால் அந்தப் பேர். டிசைன் போடுவது, அச்சடிப்பது, அடித்ததை ஏணி வைத்து ஏறிக் கட்டுவது... மூன்று ஆள் வேலையை ஒற்றை ஆளாய்ச் செய்தவன். இரண்டு துண்டாக நீளும் இரும்பு ஏணியில், மூன்று மாடி உயரத்தில் நின்று பேனர் கட்டும்போது கீழே வந்துவிட்டான்.

'கால் தவறி விழுந்தார்' என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது.

எப்படி விழுந்தான் என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

ஒருவன் செத்துவிட்டான்.

இன்னொருவர், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தும் வியர்த்துக்கொண்டிருந்தார்!

கம்ப்யூட்டர் திரையில் சிவப்பாய் ஒரு கோடு. 'டிஸ்கில் இடம் இல்லை.'

முதலாளி கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

நேற்று சாயங்காலம்தான் பழைய பேனர்களை எல்லாம் அழித்தார். இடம் வந்தது. கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கடையைச் சாத்தினார். காலையில் சுவிட்சைப் போட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள்... சிவப்பு!

ஒன்பது நாளாய் இதே கூத்து. அவர் அழிக்க அழிக்க, உள்ளே யாரோ உட்கார்ந்து நிரப்புகிறார்கள்.

யாரோ என்ன யாரோ...

பென்சில் கடைசியாய்ச் சண்டை போட்ட அன்று சொன்னது காதிலேயே நின்றது.

"என் பாக்கியைக் குடுங்க முதலாளி. இல்லேன்னா நீங்க அடிக்கிற போலி மருந்து லேபிளை ஊருக்கே காட்டிடுவேன். அழிச்சிட்டா போச்சுன்னு நினைக்காதீங்க. அழிச்சாலும் உள்ளே ஒளிஞ்சு கெடக்கும்!"

ஒளிஞ்சு கெடக்கும்...

"யாரு செத்தாங்க, இப்படி உக்காந்திருக்கீங்க?"

முதலாளி தூக்கிவாரிப் போட்டு எழுந்தார்.

வாசலில் டாக்டரம்மா. மனுஷருக்கு அல்ல, கம்ப்யூட்டருக்கு. தோளில் ஒரு கருப்புப் பை. வாய் மட்டும் ஓய்வதே இல்லை.

"வா... வாம்மா. இடம் இல்லங்குது. உள்ளே என்ன ஒளிஞ்சு கெடந்தாலும் வழிச்சு எடுத்துடு. எதையும் திறந்து மட்டும் பார்க்காதே."

"அழுக்குத் துணியைத் துவைக்கக் குடுத்துட்டு மோந்து பார்க்காதேங்கிற மாதிரி இருக்கு. எனக்கெதுக்கு முதலாளி உங்க குப்பை?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கண்ணாடிக் கதவு திறந்தது.

பென்சிலின் பொண்டாட்டி!

கையில் ஒரு துணிப்பை. கண் குழிக்குள் போயிருந்தது.

"அண்ணே... அவரோட பாக்கி. இன்னிக்கு வரச் சொன்னீங்க."

"இன்னிக்கேன்னா எப்படி தங்கச்சி? கம்ப்யூட்டரே படுத்துக் கெடக்கு. கணக்கெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. அடுத்த வாரம் வாயேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. வீட்டு வாடகை அடுத்த வாரம் வரைக்கும் நிக்காதுண்ணே. நான் உக்காந்திருக்கேன்."

ப்ரிண்டர் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா திரையைப் பார்த்து விசில் அடித்தாள்.

"அடேங்கப்பா! டெம்ப் ஃபைல்! மேலாப்பல பார்த்தா தெரியாது, மறைஞ்சு கெடக்குது. நீங்க கூடத்தைப் பெருக்கிட்டு, பரண்ல ஒரு லாரிக் குப்பையை விட்டு வெச்சிருக்கீங்க!"

"அது... எப்படி வந்தது?"

"எதையாவது செய்ய ஆரம்பிச்சா, மெஷின் நடுவுல ஒரு தற்காலிக ஃபைலைப் போட்டுக்கும். வேலை முடிஞ்சா அதுவே எடுத்துடும். முடியாமப் பாதியில நின்னா... அப்படியே கெடக்கும். இங்க ஏதோ ஒரு வேலை முடியாம, திரும்பத் திரும்ப முட்டிக்கிட்டு இருக்கு முதலாளி. மெஷினைப் போடுறப்ப எல்லாம் எழுந்திருக்குது. முட்டுது. விழுது. விட மாட்டேங்குது!"

முதலாளி திரையை நோக்கிக் குனிந்தார்.

"யாரு... யாரு போட்ட வேலை?"

"எனக்கென்ன தெரியும்? பேர் மட்டும் போட்டிருக்கு." அவள் திரையைப் படித்தாள். "பென்சில்."

நாற்காலியில் இருந்தவள் தலையை நிமிர்த்தினாள்.

முதலாளி மேஜையில் ஓங்கி அறைந்தார்.

"அழி! அத்தனையும் அழி! இப்பவே!"

"கத்தாதீங்க, மெஷின் பயந்துக்கும்!"

டக்.

ஒரு பொத்தான். அவ்வளவுதான். சிவப்புக் கோடு சுருங்கிச் சுருங்கி நீலமானது.

"பாருங்க, மைதானம் மாதிரி இடம். ஓடி ஆடி விளையாடலாம்."

முதலாளி மூச்சு விட்டார். லேபிள் போயிற்று. அவனும் போய்விட்டான். இனிமேல் ஒருத்தனும்...

டர்ர்ர்ர்ர்...

மூன்று பேரும் திரும்பினார்கள்.

ஆள் உயர நீளத்துக்குச் சுவரோரம் நின்ற பேனர் ப்ரிண்டர்... யாரும் தொடாமலே... விழித்துக்கொண்டது!

பச்சை விளக்கு. மை வாசனை. ஃப்ளெக்ஸ் சுருள் ஒரு விரல்கடை நகர்ந்து நின்றது.

"நீ... நீ ஏதாவது அமுக்கினியா?"

"கையை மடியில வெச்சுக்கிட்டு இருக்கேன் முதலாளி!"

டர்ர்ர்... டக்.

கருப்பாய் ஒரு பட்டை வந்தது.

டர்ர்ர்... டக்.

தலைமுடி! நடுவில் வகிடு எடுத்த தலைமுடி.

டர்ர்ர்... டக்.

நெற்றி. காது. காதின் மேல்...

பென்சில்!

"நிறுத்து!" முதலாளி கத்தினார். "நிறுத்துடி அதை!"

"இருங்க, பாதியில நிறுத்தினா மை துப்புற ஹெட் போயிடும்!"

டர்ர்ர்... டக்.

புருவம்.

டர்ர்ர்... டக்.

கண்!

முறம் அகலத்துக்கு இரண்டு கண்கள், நேராய் அவரையே பார்த்தன. இடது பக்கம் நகர்ந்தார். கண்களும் வந்தன. வலது பக்கம் ஒதுங்கினார். அங்கேயும் வந்தன. ஈர மை ஒரு சொட்டு, கண் ஓரத்திலிருந்து வழிந்தது.

முதலாளி மண்டியிட்டு விழுந்தார்.

"டேய்! வேண்டாண்டா! உருவின பின்னைத்தான் திருப்பிச் சொருகிட்டேனேடா! நீ விழுந்த கையோட சொருகிட்டேனே! இன்னும் என்னடா வேணும் உனக்கு?"



ப்ரிண்டர் நிற்கவில்லை. மூக்கு. சிரித்த உதடு.

பென்சிலின் பொண்டாட்டி மெதுவாக எழுந்தாள்.

"எந்தப் பின்னுண்ணே?"

"ஏணியோட... மேல் துண்டையும் கீழ் துண்டையும்... பூட்டுற..."

பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பயன்? சொல் வாயை விட்டுப் போயாகிவிட்டது.

"கால் தவறினதுன்னு சொன்னீங்களே..." அவள் குரல் உடைந்தது. "ஏணியில கால் தவற அவர் என்ன நேத்துப் பொறந்த ஆளா? பதினோரு வருஷம் ஏறினவரு. நான் அப்பவே யோசிச்சேன்."

"தங்கச்சி... அவன்தான் வந்திருக்கான்... உள்ளேயே குடியிருந்து..."

"அவர் வரல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த முகத்தைத் தொடப் போனாள். ஈரம் என்று கையை இழுத்துக்கொண்டாள். "இது நான் அனுப்பின போட்டோ."

"என்னது?"

"அவர் செத்த அன்னிக்கு, எல்லார் முன்னாடியும் நீங்கதானே அழுதுக்கிட்டே போன் போட்டீங்க? 'பென்சிலுக்குப் பெருசா ஒரு அஞ்சலி போர்டு அடி, என் செலவு'ன்னு கடையில பில் போடுற பொண்ணுகிட்ட சொன்னீங்களே. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, நான் அனுப்பினேன். மெஷின்ல வரலன்னு எதிர்க்கடையில சின்னதா ஒண்ணு அடிச்சு வெச்சாங்க."

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அட! இடம் பத்தாம நின்னது அதுதானா? அப்போ ஒன்பது நாளா உங்க டிஸ்கைத் தின்னது பேயும் இல்ல, பிசாசும் இல்ல முதலாளி... நீங்க குடுத்த ஆர்டர்! நீங்களே இடத்தைக் காலி பண்ணச் சொன்னீங்க. நான் அழிச்சது குப்பையை மட்டும்தான், ஆர்டர் வரிசையிலயே நின்னுச்சு. இடம் கெடச்சதும் வந்துடுச்சு!"

டர்ர்ர்... டக்.

கடைசிப் பட்டை வந்தது. பூதாகரமான எழுத்தில்...

'கண்ணீருடன், உன் முதலாளி.'

அவர் தடுமாறி எழுந்தார். முகம் மாறியது. மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

"ச்சே... ஏதோ பயத்துல உளறிட்டேன். ரெண்டு பொம்பளைங்க கேட்டதை எந்தக் கோர்ட்டு நம்பும்? சாட்சி ஏது?"

டாக்டரம்மா விரலை மேலே காட்டினாள்.

கூரையில் கேமரா. வேலைக்காரன் எத்தனை தடவை டீக்குப் போகிறான் என்று பார்க்க, பேச்சும் பதிகிற மாதிரி, கூடக் காசு கொடுத்து அவரே மாட்டியது; பதிவதெல்லாம் இதே டிஸ்கில்தான்.

"அ... அது ஓடலையே! இடம் இல்லாம ஒரு வாரமா நின்னு போச்சே!"

"ஆமா. இடம் இல்லாமத்தான் நின்னது."

கேமராவின் மூக்கில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் மைதானம் கெடக்கே!"

டாக்டரம்மா ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் ஸ்டேஷன்.

முதலாளி பாய்ந்து மேஜை டிராயரை இழுத்தார். இரண்டு கையிலும் நோட்டை அள்ளினார்.

"தங்கச்சி! இந்தா, உன் பாக்கி! மேலயும் எடுத்துக்கோ! எவ்வளவு வேணும்னாலும்... அந்தக் கேமராவை மட்டும் அழிக்கச் சொல்லும்மா!"

அவள் வாங்கினாள். நின்ற இடத்திலேயே எண்ணினாள். முப்பத்தெட்டாயிரத்து நானூற்று ஐம்பதைத் துணிப்பையில் போட்டாள். மிச்சத்தை மேஜையில் வைத்தாள்.

"எங்க பாக்கி தீர்ந்ததுண்ணே."

"அப்ப... கேமரா?"

"அது உங்க பாக்கி."

ஈரம் காயாத புருஷனின் முகத்தை அவள் மறுபடி ஒரு முறை பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

வாசலில் ஜீப் வந்து நின்றது.

டாக்டரம்மா பையைத் தோளில் மாட்டினாள். மேஜையில் இருந்த மிச்சத்திலிருந்து தன் கூலியை மட்டும் உருவிக்கொண்டாள்.

"உங்க டிஸ்க்ல இனிமே இடத்துக்குப் பஞ்சமே இல்ல முதலாளி... நீங்க போற இடத்துலதான் ஒரு ரூமுக்கு எட்டுப் பேராம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க!"