ஏழாம் கட்டிலின் பூஜ்யங்கள்

நர்ஸ் சஃப்ரீன் மாட்டுங்கா வீட்டுக்கு வந்தபோது, வேங்கடசுப்ரமணியன் ரயில்வேயில் தொலைந்த பொருள் பிரிவில் இருந்த காலத்தில் கல்யாண் யார்டில் ஒரு யானையைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ருக்கு அதை நாற்பது வருஷமாகக் கேட்கிறாள். யானை வருஷா வருஷம் வளர்கிறது.

"நான் மருந்தைத் திருடலை சார். தொலைஞ்சது எங்க போச்சுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். சாயந்திரம் போலீஸுக்கு லெட்டர் போகுதாம்."

செம்பூரில் அவளுடைய ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி. சிசேரியன் ஆன பெண்களில் பாதிப்பேருக்கு முதுகுக் குழாய் வழியே மார்ஃபின் என்ற வலிமருந்து, மீதிப்பேருக்கு ஃபெண்டனில். மணிக்கொருதரம் வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுத வேண்டும். மார்ஃபின் நெடுநேரம் தாங்கும், ஆனால் அரிக்கும். அது போட்டவர்கள் எல்லோரும் சொறிந்துகொண்டிருக்க, ஏழாம் கட்டில் மாரீஸ்வரி மட்டும் சொறியவில்லை. வலியோ நேற்று முழுக்கப் பூஜ்யம். மருந்தைச் சஃப்ரீன் எடுத்துக்கொண்டு எண்களை இட்டுக்கட்டிவிட்டாள் என்பது டாக்டர் அஷ்வத்தின் முடிவு.

"அவங்க வாயால சொன்னதைத்தான் எழுதினேன்."

"கிளம்புங்கோன்னா," என்று ருக்கு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஏழாம் கட்டிலில் படுத்திருந்த மாரீஸ்வரி தாராவிக்காரி. குறைமாதக் குழந்தை அன்று காலைதான் மேல்மாடியில் இறந்திருந்தது. சுவர்ப் பலகையில், 'வலி மூன்றுக்கு மேலிருந்தால் மறு மருந்து. பின் ஆறு மணி நேரம் எழக் கூடாது' என்றிருந்தது. கட்டிலடியில் செருப்புக்கு மேல் மாட்டும் நீலத்துணிக் காலுறைகள், நான்கு ஜோடி. நேற்றைய சார்ட்டில் நாடித் துடிப்பு நூற்றிருபது.

"ருக்கு, அவ முதுகைப் பாரு," என்றார் வேங்கடசுப்ரமணியன்.

ருக்கு பார்த்தாள். குழாயின் மூட்டு கழன்றிருந்தது. பிளாஸ்டருக்கு அடியில் பஞ்சு இன்னும் ஈரமாக இருந்தது.

"மருந்து திருட்டுப் போகலை டாக்டர். பஞ்சு குடிச்சுடுத்து," என்றார் வேங்கடசுப்ரமணியன்.

"அப்போ பூஜ்யம்?" என்றார் அஷ்வத்.

"நாடி நூத்திருபது ஓடறதே, வலி இல்லாமலா? இந்தக் காலுறை எங்கே தருவா?"

"குழந்தைங்க ஐசியூல," என்றாள் சஃப்ரீன்.

"வலின்னா ஆறு மணி நேரம் படுக்கணும். பூஜ்யம்னா சக்கர நாற்காலி. நாலு தரம் குழந்தையைப் பாக்கப் போயிருக்கா."

அஷ்வத் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். பிறகு கட்டிலருகே குனிந்தார். "சொல்லியிருக்கலாமேம்மா. உடனே வேற மருந்து குடுத்திருப்போம்."

"குடுத்திருப்பீய. படுன்னும் சொல்லிருப்பீய. நாலு வாட்டி அவன் வெரலப் புடிச்சேன்."

மாரீஸ்வரி மெல்ல ஒருக்களித்து, முதுகைக் காட்டினாள்.

"இப்பம் மருந்தப் போடுங்க. இனி நான் எங்கயும் போவேண்டாம்."