முன்னுரிமை வரிசையில் ஒரு மூக்குக்கண்ணாடி

அவள் கை போய்விட்டது. மனசு 'வேண்டாம்' என்று சொல்வதற்குள் போயே விட்டது... கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற, முன்பின் தெரியாத ஒருவனின் மூக்குக்கண்ணாடியை இரண்டு விரலால் பிடித்து, இடப்பக்கம் கொஞ்சம் தூக்கி, காதில் சரியாக உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்தது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கண்ணாடிக் கடையில் காலையிலிருந்து மாலை வரை அவளுக்கு அதுதான் வேலை. எதிரே உட்காருகிறவர் கண்ணாடி கோணலாக இருந்தால் கை தானாகப் போகும், யாரையும் கேட்டுக்கொண்டு போகாது. ஆனால் அது கடை. இது கப்பல் துறையின் பெரிய கூடம். எதிரே நின்றவன் பக்கத்து வரிசைப் பயணி.

அவன் கண்களை அகல விரித்தான். பெரிய கண்கள்... தூக்கக் கலக்கம் பாதி, குறும்பு பாதி. கண்ணாடிக்குப் பின்னால் இப்படி இரண்டு கண்ணை ஒளித்து வைத்திருப்பதே அநியாயம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே அவன் வாயைத் திறந்து அதைக் கெடுத்தான்.

"முன்னுரிமைக் கட்டணத்துல இந்தச் சேவையும் சேர்த்தியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஏற்கனவே வெந்துபோய் நின்றிருந்தாள். கூடுதலாகப் பணம் கட்டினால் மற்றவர்களுக்கு முன்னால் கப்பலில் ஏறலாம் என்று சொன்னார்கள், கட்டினாள். அவள் மட்டுமா கட்டினாள்? முன்னால் ஏற வேண்டும் என்று பாதி உலகமே கட்டியிருந்தது. முன்னுரிமை வரிசை கூடத்தைச் சுற்றி, தூணைச் சுற்றி, வாசல் வரை போய் நின்றது. கட்டாதவர்களின் சாதா வரிசையோ காற்றாடிக் கிடந்தது. அந்த வரிசையில்தான் இவன் ஹாயாக நின்றுகொண்டு, அவள் தோளுக்கு மேலாக ஒவ்வொரு கணையாக விட்டுக்கொண்டிருந்தான். காசு கட்டி நிற்பதில் ஒரு தனி சுகம் இருக்கிறதாமே... கால் வலிக்கும் சேர்த்து ரசீது கொடுத்தார்களாமே...

யாரைச் சொல்கிறான்? தன்னைத்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். இதில் இந்தப் பாழாய்ப்போன கை வேறு அவன் முகத்துக்கே போய்விட்டு வந்திருக்கிறது. காது மடல் சிவக்க, மன்னிப்பும் கேட்காமல் திரும்பிக்கொண்டாள்.

அவள் பணம் கட்டியது ஜம்பத்துக்கு இல்லை. பக்கத்தில் நின்ற அம்மாவுக்காக. அம்மாவுக்குக் கண் அழுத்த நோய். நேரே இருப்பது தெரியும், பக்கவாட்டில் வருவது தெரியாது. குழாய்க்குள்ளிருந்து உலகத்தைப் பார்ப்பது மாதிரி. கூட்டமென்றால் நடுக்கம்... யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்து மோதுவார்கள் என்று தெரியாதே. ஊருக்கெல்லாம் கண் பரிசோதிக்கிற மகள் வீட்டில் இருந்தும் நோய் பிடிபட்டபோது பாதிப் பார்வை போயிருந்தது. அந்தக் குற்ற உணர்வு அவளைத் தின்றுகொண்டே இருந்தது.

அம்மா பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வாழ்நாள் முழுக்கக் கரும்பலகையில் சாக்பீஸால் கடலை வரைந்தவள், ஒரு கப்பலில்கூட ஏறியதில்லை. கடந்த ஒரு வருஷமாக வீட்டு வாசலைத் தாண்டவில்லை. மகள் கெஞ்சிக் கூத்தாடி இந்த நான்கு நாள் பயணத்துக்குச் சம்மதிக்க வைத்தபோது அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். கப்பலில் தன்னால் நடமாட முடிந்தால் சரி. இல்லையென்றால் இதுதான் கடைசி, இனி எங்கேயும் தன்னைக் கூப்பிடக் கூடாது. சக்கர நாற்காலியும் வேண்டாம், கண்ணைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவும் கூடாது.

அதனால்தான் அந்தக் கட்டணம். கூட்டம் வருவதற்குள் ஏறிவிட்டால் கதவு எங்கே, படி எங்கே, கைப்பிடி எங்கே என்று அம்மாவுக்கு நிதானமாகப் பழக்கிவிடலாம். எப்படியும் அம்மாவை மறுபடி வெளியே கொண்டுவந்து விடுவது என்று அவள் உறுதியாக இருந்தாள்.

இப்போது சாதா வரிசை மளமளவென்று நகர்ந்தது. அவன் போகிற போக்கில் நின்றான். அம்மாவை ஒருமுறை பார்த்தான். குரலில் கேலி இல்லை.

"இந்தப் பக்கம் வந்து எனக்கு முன்னால நில்லுங்க. சீக்கிரம் ஏறிடலாம்."

வந்திருக்கலாம். கயிற்றைத் தூக்கினால் முடிந்தது. ஆனால் அந்தக் கேலி அவள் நெஞ்சில் இன்னும் குத்திக்கொண்டிருந்ததே... தேவையில்லை, நாங்கள் பணம் கட்டியிருக்கிறோம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு போனான்.

அந்த ரோஷத்துக்கு விலை உடனே தெரிந்தது. அவர்கள் ஏறியபோது கப்பலின் முகப்புக் கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. அறைகளை இன்னும் திறக்கவில்லை என்று முன்னால் ஏறியவர்களும் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். பக்கவாட்டிலிருந்து யாரோ தோள்பையை வீசித் திரும்ப, அது அம்மாவின் தோளில் மோத, அம்மா தடுமாறி முழங்கால் மடங்கி விழுந்தாள். சுற்றிலும் முகங்கள் குனிந்தன. பாவம், கண் தெரியாது போலிருக்கிறது என்று ஒரு குரல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னது.

அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அறை திறந்ததும் அம்மா உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"போதும்மா. இறங்குற வரைக்கும் இந்த ரூம்லயே இருந்துக்கறேன். நீ போய்ச் சுத்திப் பாரு."

அவள் பெட்டியைச் சுவரோரம் வைத்தாள். நடைவழிக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். கப்பல் மெல்ல நகரத் தொடங்கியிருந்தது... அழக் கூடாது, அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோது நடைவழிக் கோடியில் வெளித்தளத்துக் கதவு திறந்தது. யார் உள்ளே வர வேண்டும்? அவனேதான். தலையெல்லாம் மழை ஈரம்... சட்டைத் தோளில் துளித்துளியாக ஈரம்.

அவளைப் பார்த்ததும் தயங்கினான். பிறகு சுருக்கமாக விஷயத்தைச் சொன்னான். அவன் கேலி செய்தது அவளை இல்லை. அவளுக்குப் பின்னால் நின்ற அவன் அக்காவையும் மாமாவையும். வேண்டாம் வேண்டாம் என்று அவன் சொல்லியும் கேட்காமல் அவர்கள் அந்தக் கட்டணத்தைக் கட்டினார்களாம். அவளுக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை போலிருந்தது, ஆனால் கப்பலில் பூமிக்கு எங்கே போவது?

"வெளிய நல்ல மழை. எல்லாரும் உள்ள ஓடிட்டாங்க. இந்தத் தளத்துல கூரை போட்ட நடைபாதை ஒண்ணு கப்பலைச் சுத்தி வருது. ஒரு ஈ காக்கா இல்ல. உங்க அம்மா இப்போ வந்தா நிம்மதியா நடக்கலாம்."

அவள் நிமிர்ந்தாள். அம்மாவைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டாள். அவன் நாடக அரங்கில் விளக்கு போடுகிறவன். யார் எங்கிருந்து எதைப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பதே பிழைப்பு. அம்மா யாரைப் பார்த்தாலும் முழுத் தலையையும் திருப்பித்தான் பார்க்கிறாள் என்று வரிசையிலேயே கவனித்திருக்கிறான்.

"எங்களுக்கு யாரோட இரக்கமும் வேண்டாம்," என்றாள்.

"இரக்கம் இல்லைங்க. விளக்கை அணைச்சதும் நடிகர்களை இருட்டுல கூட்டிட்டுப் போறது எனக்கு தினசரி வேலை. அவங்க மேல நான் இரக்கப்பட்டா அடிக்க வருவாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். உள்ளேயிருந்து யாரது என்று அம்மாவின் குரல் வந்தது. அவன் நேராக அம்மாவிடமே பேசினான். மழை பெய்கிறது, கடல் பக்கம் ஆளே இல்லை, வருகிறீர்களா என்றான். தரை வழுக்குமா என்று கேட்டாள் அம்மா. அந்தக் கேள்வியிலேயே மகளுக்கு உயிர் வந்தது.

அவன் கையைப் பிடிக்கவில்லை. ஓரடி முன்னால் நடந்தபடி, இங்கே கதவு, இங்கே சின்ன மேடு, வலது கைப்பக்கம் கைப்பிடி என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டே போனான். அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். கூரையின் விளிம்பிலிருந்து மழை நீர்த் திரையாக இறங்க, அதற்கப்பால் சாம்பல் நிறத்தில் கடல்... கடல்... கடல். அம்மா தலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்பித் திருப்பி முழுசாகப் பார்த்தாள். பிறகு, கரும்பலகையில் தான் எல்லாக் கடலையும் ரொம்பச் சின்னதாக வரைந்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அம்மாவின் சிரிப்பு. மகள் தூணோரம் நின்று அவனைப் பார்த்தாள். அவன் அம்மாவைப் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஊர் சாப்பிடப் போகும்போது நடப்பது, ஊர் நடக்கும்போது சாப்பிடுவது. அம்மா அவனுக்கு 'லைட்டுத் தம்பி' என்று பெயர் வைத்தாள். அவன் அவளை 'கண்ணாடி மேடம்' என்றான். அந்தக் கட்டணம் தண்டம் என்று அவன் ஆரம்பித்தால் போதும், அம்மா முன்னால் ஏற ஒரு வாய்ப்பு இருந்தால் மறுபடியும் கட்டுவேன், ஆயிரம் தடவை கட்டுவேன் என்று அவள் சண்டைக்கு நிற்பாள். சண்டை போடும்போது உங்கள் கண் இன்னும் பெரிதாகிறது என்பான். அவள் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மூன்றாம் நாள், அம்மா அறையில் இருக்க, அறை ஜன்னலை ஒட்டிய நடைபாதையில் நின்று அவன் நேரடியாகவே கேட்டான். ஊருக்குப் போன பிறகும் அவளைப் பார்க்க வரலாமா?

வா என்று நெஞ்சு முழுக்கக் கத்தியது. ஆனால் அவள் வாய் வேறு பாட்டுப் பாடியது. வரன் வந்தபோதெல்லாம் பாடிய அதே பாட்டு.

"அம்மாவுக்கு நான் மட்டும்தான். நான் இல்லாம அவங்களால ஒரு வாசப்படி தாண்ட முடியாது. எனக்குன்னு வேற எதையும் நினைக்கிற நிலைமையில நான் இல்ல."

அவன் கெஞ்சவில்லை, கோபப்படவுமில்லை. சரி என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தான். அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி நாள் மதியம் கண் அயர்ந்துவிட்டாள். விழித்தபோது அம்மாவின் கட்டில் காலி. குளியலறை காலி. நடைவழி காலி. வெறுங்காலோடு ஓடினாள். மேல்தளத்தில் பாட்டும் கூத்துமாகப் பிரிவு விருந்து, கப்பலே அங்கே திரண்டிருந்தது. படியருகே அவனைப் பார்த்ததும், முந்தின நாள் பேச்சையெல்லாம் மறந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவைக் காணோம் என்றாள். இருவரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார்கள்.

அம்மா அங்கேதான் இருந்தாள். அத்தனை கும்பலுக்கும் அந்தக் கோடியில், கப்பலின் முனையில், கம்பியைப் பிடித்தபடி முகத்தில் காற்று வாங்கிக்கொண்டு. புடவை ஓரத்தில் யாரோ கொட்டிய பழரசக் கறை.

"எப்படிம்மா வந்தீங்க இவ்வளவு கூட்டத்துல?" மகளுக்கு மூச்சு இரைத்தது.

"மோதிக்கிட்டுத்தான் வந்தேன். நாலு பேர் என்மேல மோதினாங்க, நான் ஒருத்தர் மேல மோதினேன். ஒருத்தரும் சாகல." அம்மா முகத்தை முழுசாக மகள் பக்கம் திருப்பினாள். "நேத்து நீ பேசினது ஜன்னல் வழியா கேட்டுச்சு. வாசப்படி தாண்ட மாட்டேன்னியே, பாத்துக்கோ. அவரைப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு. என் கண்ணைச் சொல்லித் தட்டிக் கழிக்காத. அது எனக்கு அந்த நோயை விடப் பெரிய வலி."

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அம்மாவுக்காகத்தான் வாழ்கிறோம் என்று நினைத்திருந்தாள். அம்மாவைச் சுமையாக்கி அதன் பின்னால் ஒளிந்திருந்தோம் என்பது இப்போதுதான் உறைத்தது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். போதும் ஒளிந்தது. அவன் கையை இன்னும் விடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இனி விடுவதாகவும் இல்லை.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. நேத்து நான் சொன்னது பொய். என்னைக் கட்டிக்கிறீங்களா?"

எதற்கும் ஒரு கணை வைத்திருக்கிறவனிடம் இப்போது ஒன்றுமில்லை. அந்தப் பெரிய கண்கள் நிறைந்து தளும்ப, தலையை மட்டும் வேகவேகமாக ஆட்டினான்.

அம்மா மகளைப் பார்த்த முகத்தைத் திருப்பாமல் கம்பியைத் தட்டினாள்.

"தம்பி, நீங்க பக்கத்துல நின்னு தலையாட்டினா எனக்குத் தெரியாது. வாயால சொல்லுங்க."

"சரிம்மா," என்றான் அவன், கரகரத்த குரலில். "கட்டிக்கிறேன்."