டேம் இமோஜென் வசனம் மறக்காத மதியம்

டேம் இமோஜென் ஃபாக்ஸ்வெல் எம்ப்ரஸ் அரங்கத்தின் வாசலில் காரைவிட்டு இறங்கியபோது கடலிலிருந்து தூறல் சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் லோமாக்ஸ் குடையோடு ஓடிவந்தார். குடை காற்றில் மடங்கித் திரும்பிக்கொண்டது. அதை அப்படியே பிடித்தபடி அவர் வரவேற்புரையைத் தொடங்கினார்.

"அரண்மனைப் பட்டம் வாங்கினவங்க எங்க படியில கால் வைக்கிறது..."

"ஏற்கெனவே வைத்திருக்கிறேன், திரு. லோமாக்ஸ்," என்றார் டேம். "கலைஞராக நான் பிறந்ததே இங்கேதான்."

சாதாரணமாகப் பிறந்ததும் அந்த லங்காஷயர் ஊரில்தான். பக்கத்துத் தெருவில், மீன் பொரிக்கும் கடைக்கு மேல் மாடியில், பிரெண்டா ஆக்டன் என்ற பெயரில். சுயசரிதையில் அந்தக் கடை கிடையாது. அதில் அப்பா கப்பல் கேப்டன்.

எழுபதுகளின் சினிமாவில் மெல்லிய இரவு உடையில் ரத்தக்காட்டேரிகளுக்குக் கழுத்தை நீட்டினார். கழுத்தில் சுருக்கம் விழுந்ததும் தொலைக்காட்சியில் பிரபுக்களின் விதவையானார். எத்தனை கணவர்களைப் புதைத்தாரோ அத்தனை விருதுகள். பட்டம் கிடைத்த பிறகு பல் மருத்துவர்கூட 'டேம்' என்று அழைத்தால்தான் வாயைத் திறப்பார்.

இப்போது தனி ஆளாக மேடையில் நின்று தன் வாழ்க்கையைத் தானே நடிக்கிறார். ஒரே ஒரு சிக்கல். அந்த வாழ்க்கை அவருக்கு மறந்துபோய்க்கொண்டிருந்தது. அதற்குத்தான் நான், ஹேசல். அவர் காதுக்குள் பட்டாணி அளவு கருவி ஒன்று இருக்கும். நான் மறைவாக உட்கார்ந்து மைக்கில் ஒவ்வொரு வரியாகச் சொல்வேன். அவர் ஒரு மூச்சு பிந்தி அதைச் சொல்வார். விமர்சகர்கள் அந்தத் தயக்கத்தை ஆழம் என்று எழுதினார்கள்.

அன்று மதியக் காட்சிக்கு லண்டன் தயாரிப்பாளர் ஒருவர் வருவதாக இருந்தது. ஒரு வரி தடுக்கினாலும் லண்டன் இல்லை. அதோடு டேமுக்கு மறதி வந்துவிட்டது என்று நாடே பேசும். அதற்குப் பிறகு எந்தப் பிரபுவும் அவரை விதவையாக்க மாட்டான்.

"ஹேசல் செல்லம், இன்று நீ என்னைக் கைவிடக்கூடாது," என்றார். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி மட்டும் நடிப்பில்லை.

மேடை ஓரம் முழுக்கப் பூங்கொத்துகள். பெரும்பாலானவை அவரே வாங்கிக்கொண்டவை. எனக்கு இடமில்லை. லோமாக்ஸ் என்னை மேடைக்கு அடியிலிருந்த அறைக்கு அனுப்பினார். செங்குத்தான இரும்புப் படி. கீழே ஈரமரத்தின் வாடை. அதோடு, யாரோ இப்போதுதான் பூசிக்கொண்டது போல முகப்பவுடர் வாசனை.

"பாத்து எறங்கு கண்ணு," என்றார் லோமாக்ஸ். "இந்தப் படியிலதான் பாலின் விழுந்தா."

"நம்ம வசனத்துல வர்ற பாலினா?"

"பாலின் கார்சைடு. டேம் இங்க மொதல்ல மேடையேறின நாடகத்துல அவதான் கதாநாயகி. உங்க டேம் அவளுக்கு மாத்து ஆளு. பாலின் காணோம்னதும் இவங்க உடுப்ப மாட்டிட்டு ஏறிட்டாங்க. ஷோ முடிஞ்சப்புறந்தான் இங்க வந்து பாத்தாங்க. உசுரு போயிருந்துச்சு."

"காய்ச்சல்னுல்ல வசனத்துல வருது?"

"பொணத்தப் பத்திப் பேசினா ஐஸ்கிரீம் விக்காது கண்ணு. ஆனா ஒண்ணு. எங்கப்பா அப்ப இங்க திரை இழுக்கிற வேலை. மாத்து ஆளுக்கு ஒரு வரி ஒழுங்காத் தெரியாதாம். இருந்தும் எங்கயும் தடுக்கல. எங்கேருந்தோ ஒரு பொண்ணு அடியெடுத்துக் குடுத்துக்கிட்டே இருந்தாளாம். அவ கெட்டிக்காரின்னு எல்லாரும் மெச்சினாங்களாம்."

சிரித்துக்கொண்டே அவர் ஏறிப் போனார். நான் மைக்கைச் சரிபார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

காட்சி தொடங்கியது. கூட்டம் என்றால் ஓய்வூதியக்காரர்கள்தான். அவர்களின் ஐஸ்கிரீம் கரண்டிகள் கிண்ணத்தைச் சுரண்டுவது தரை வழியாகக் கேட்டது. நான் கப்பல் கேப்டனைச் சொன்னேன். மேலே கப்பல் கேப்டன் வந்தார். நான் முதல் காதலைச் சொன்னேன். மேலே ஒரு பெருமூச்சும் சேர்ந்து வந்தது.

"பாலினுக்குக் காய்ச்சல்," என்றேன்.

மேலே சத்தமில்லை.

மறுபடி சொன்னேன். விளக்கைப் பார்த்தேன். அணைந்திருந்தது. பேட்டரியை மாற்றினேன். எரியவில்லை.

மேலே டேமின் செருப்பு ஒருமுறை தேய்ந்தது. கரண்டிகள் நின்றன. யாரோ இருமினார்கள். லண்டன் போயிற்று என்று நினைத்தேன். கத்திச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் அரங்குகளில் அடியெடுத்துக் கொடுப்பவர் மேடை ஓரத்தில்தான் உட்காருவார். கீழே யாரும் உட்காருவதில்லை. பாலின் விழுந்த அன்றைக்கு வலப்பக்கம் நின்றவர்கள் இங்கிருந்து வந்த குரல் இடப்பக்கத்திலிருந்து வருவதாக நினைத்திருப்பார்கள். இடப்பக்கம் நின்றவர்கள் வலப்பக்கம் என்று. காட்சி நடக்கும்போது யாரும் தன் இடத்தைவிட்டு நகர்வதில்லை. அதுதான் ஒழுங்கு.

எல்லாருக்கும் கேட்டிருக்கிறது.

பவுடர் வாசனை கூடியது.

என் முதுகுக்குப் பின்னால், படியின் அடியிலிருந்து, ஒரு பெண் குரல் பேசியது. அவசரமில்லாத, பழகிய குரல்.

"பாலினுக்குக் காய்ச்சல் இல்ல."

ஒரு மூச்சு.

"பாலினுக்குக் காய்ச்சல் இல்ல," என்றார் டேம் மேலே.

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"படியில விழுந்தா. நான் மேல நின்னு பாத்தேன்."

"படியில விழுந்தா. நான் மேல நின்னு பாத்தேன்."

டேமின் பேச்சில் அரண்மனை உதிர்ந்துவிட்டிருந்தது. மீன் கடைப் பெண் பேசினாள்.

"இடுப்புக்குக் கீழ அசையல அவளுக்கு. பிரெண்டா, ஆளக் கூப்பிடுடீன்னா. நான் அவ உடுப்ப எடுக்கப் போனேன்."

டேம் அதையும் சொன்னார். நடுவில் ஒருமுறை அழுகை வந்து குரல் நின்றது. கீழே அந்தக் குரல் பொறுமையாக அதே வரியை மறுபடி எடுத்துக் கொடுத்தது.

"எனக்கு வசனம் தெரியாது. அவளுக்குத் தெரியும். கத்த அவளுக்கு மூச்சு பத்தல. அதனால வசனத்தச் சொன்னா. யாராவது கேப்பாங்கன்னு. எல்லாரும் கேட்டாங்க. யாரும் வரல."

மேலே அதுவும் வரி வரியாகத் திரும்ப ஒலித்தது.

"கைதட்டுற வரைக்கும் உசுரு இருந்துச்சு."

"கைதட்டுற வரைக்கும்," என்றார் டேம், "உசுரு இருந்துச்சு."

கைதட்டினார்கள். எழுந்து நின்று, காலால் தரையை உதைத்து, என் தலைமேல் தூசி கொட்டக் கைதட்டினார்கள். நான் படியில் தவழ்ந்து ஏறினேன். கீழே பார்க்கவேயில்லை.

ஒப்பனை அறை வாசலில் லோமாக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்னா கற்பனை கண்ணு. அந்த ஊர்ப் பேச்சு இருக்கே, அசல். எங்க போய்க் கத்துக்கிட்டாங்க?"

உள்ளே டேம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தார். காதுக் கருவியைப் பிடுங்கிச் சாம்பல் கிண்ணத்தில் போட்டிருந்தார்.

"நான் எதுவும் சொல்லல, டேம்," என்றேன். "மைக் செத்துப்போச்சு."

அவர் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. கண்கள் மட்டும் என் காலடித் தரையைத் தேடின.

லண்டன் தயாரிப்பாளர் எங்களைக் கடற்கரை ஹோட்டலுக்குத் தேநீருக்கு அழைத்துப்போனார். அவர் பெயர் க்ரிஸ்பின். பட்டுக் கைக்குட்டை, அதைவிட வழுவழுப்பான குரல். தரையில் கணுக்கால் புதையும் கம்பளம்.

"அந்தப் படிக்கட்டுப் பகுதி இருக்கே, டேம், மகத்தான துணிச்சல்," என்றார். "லண்டன்ல அதை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். வாரத்துக்கு எட்டுக் காட்சி. சம்மதந்தானே?"

டேம் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். மாட்டேன் என்று சொல்லத்தான் உதடு குவிந்தது. அது எனக்குத் தெரிந்தது.

"சம்மதம்," என்றார்.

"உங்களுக்கு அங்க என்ன வசதி செஞ்சு தரணும்?"

மறுபடி அந்த மௌனம். டேமின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. க்ரிஸ்பின் அதை அடக்கமாக ரசித்தார்.

என் காலுக்கு அடியில், கம்பளத்துக்கும் கீழே, யாரோ மெதுவாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

"மேடைக்கு அடியில ஒரு எடம்," என்றது.

டேம் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, ஒரு மூச்சு பிந்தி, அதைச் சொன்னார்.